இழுத்துப் பார்த்தீர்களா?

அந்த மருத்துவமனையில் அவளுக்குப் பட்டுக்கை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் தூங்கிக்கொண்டிருந்தது. வாசல் காவலாளி முதல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மார் வரை எல்லோருக்கும் அவள் பட்டுக்கைதான். தடுப்பூசிப் பிரிவில் இருந்தபோது சம்பாதித்த பெயர் அது. ஊசி ஏறியதே தெரியாமல் பிள்ளைகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அழலாமா வேண்டாமா என்று அவை யோசித்து முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டிருப்பாள்.

பெயர் சும்மா வரவில்லை. படிக்கிற காலத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் வேறு. சதையில் ஊசியைக் குத்தியதும் மருந்தைத் தள்ளக் கூடாது, சிரிஞ்சின் தண்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். ரத்தம் ஏறி வந்தால் ஊசி ரத்தக்குழாயில் நிற்கிறது என்று அர்த்தம். மறுபேச்சில்லாமல் வெளியே எடுத்துவிட வேண்டும். ஏறாவிட்டால் தள்ளலாம். பல வருஷம் அப்படித்தான் போட்டாள். தடுப்பூசிப் பிரிவுக்கு வந்தபோது, அங்கே மேற்பார்வை பார்த்த மூத்த சிஸ்டர், "தோள்லயும் தொடையிலயும் போடறதுக்கு இந்த இழுவையெல்லாம் வேண்டாம்மா. அங்க பெரிய குழாய் ஒண்ணும் கிடையாது. நீ இழுக்கிற நேரத்துல ஊசி உள்ள ஆடுது, பிள்ளைக்கு வலிதான் மிச்சம்" என்றார்.

நியாயமான பேச்சு. அவள் புத்தி அப்போதே ஒத்துக்கொண்டது. கட்டைவிரல்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய வேலைக்காரனைப் போல, சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுத் தன் வழக்கப்படியே பின்னால் போனது. ஒவ்வொரு தடவை போகும்போதும் மூத்த சிஸ்டர் தொண்டையைச் செருமினார். பட்டுக்கைக்கு மானம் போயிற்று. வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பஞ்சை எடுத்து வைத்துக்கொண்டு, காலிச் சிரிஞ்சால் குத்து, தள்ளு, எடு, குத்து, தள்ளு, எடு என்று பழகினாள்.

"அந்தப் பஞ்சு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டான் கணவன்.

"உங்க மேல பழகவா?"

அவன் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. ஒருநாள் பார்த்தால் கட்டைவிரல் இழுப்பதை மறந்திருந்தது. அன்றிலிருந்துதான் அவள் பட்டுக்கை.

இப்போது அவளை மனநலப் பிரிவின் ஊசி அறைக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே வழக்கமாக இருந்த சிஸ்டர் பிரசவ விடுப்பில் போயிருந்தாள். முதல் நாளே அந்தப் பிரிவின் டாக்டர், முன்வழுக்கையும் முழுக்கைச் சட்டையுமாக இருந்தவர், அவளை நிற்கவைத்துச் சொன்னார்.

"இங்க போடற மருந்து வேற மாதிரி. சதைக்குள்ள தங்கி மெல்ல மெல்லக் கரையணும், ஒரு மாசத்துக்கு. குழாய்க்குள்ள போயிடுச்சுன்னா மொத்தமும் ஒரேயடியா ரத்தத்துல கலந்துடும். ஆளு மயங்கிடுவான். அதனால இடுப்புல குத்தினதும் இழுத்துப் பாத்துட்டுத்தான் தள்ளணும். அதுக்கப்புறமும் மூணு மணி நேரம் யாரையும் வெளிய விடக் கூடாது. மறந்துடாதீங்க."

பட்டுக்கைக்கு விளங்கிவிட்டது. அவள் அப்பா பாத்திரக் கடை வைத்திருந்தவர். மாதச் சரக்கைக் கிடங்கில் இறக்கிவிட்டு, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கடைக்கு எடுத்து வருவார். இந்த மருந்தும் அந்த மாதிரிதான். வண்டியைக் கொண்டுவந்து மொத்தச் சரக்கையும் கடைக்குள் கொட்டினால் கல்லாப்பெட்டியோடு கடைக்காரரும் அடியில் போவார். இதில் மறக்க என்ன இருக்கிறது என்று மனதுக்குள் டாக்டரைக் கோபித்துக்கொண்டாள்.

வந்த நாளிலிருந்து எல்லோருக்கும் இழுத்துப் பார்த்துத்தான் போட்டாள். ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் 'இழு' என்று சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்ல வேண்டியிருந்ததே ஒரு எச்சரிக்கைதான். கை தானாகச் செய்யும் வேலைக்கு யாரும் உள்ளே உட்கார்ந்து கட்டளை போடுவதில்லை. அதை அவள் யோசித்துப் பார்க்கவில்லை.

அன்று காலை வந்தவர் பழைய வண்டித் தரகர். கூடவே அவர் மனைவி.

தரகர் அந்தப் பிரிவில் எல்லோருக்கும் வேண்டியவர். முன்பொரு காலத்தில் மனுஷன் படாத பாடு பட்டிருந்தார். காதுக்குள் யாரோ விலை சொல்வார்கள், இவர் பதில் விலை சொல்வார். பேரம் ராத்திரி பகலாக நடக்கும், சரக்கு மட்டும் கண்ணில் படாது. மாத்திரை கொடுத்தார்கள். மனைவி கண் முன்னால் வாயில் போட்டுக்கொண்டு, அவள் திரும்பியதும் ஜன்னலோரப் பூந்தொட்டியில் துப்பினார். அந்த வீட்டில் அந்தச் செடி ஒன்றுதான் நிதானமாக இருந்தது. கடைசியில் இந்த மாத ஊசி வந்தது. சத்தம் அடங்கியது. தூக்கம் வந்தது. தொழிலுக்குத் திரும்பினார். பாதி விலைக்குப் போக வேண்டிய வண்டியை முக்கால் விலைக்குத் தள்ளிவிட்டு, வாங்கினவனையும் சிரிக்கவைத்து அனுப்பும் பழைய ஆளாக ஆனார். அவர் மனைவி அந்த ஊசி தேதியை மறந்ததே இல்லை.

கட்டிலில் ஒருக்களித்துப் படுக்கும்போதே தரகர் போனில் இருந்தார்.

"இல்ல சார், அது உங்க கண்ணுக்குத்தான் கீறல். எங்க ஊர்ல அதுக்கு டிசைன்னு பேரு."

பட்டுக்கை மருந்தைக் கலக்கி ஏற்றினாள். இடுப்பில் மேல்பக்கமாக, வெளிப்புறமாக இடம் பார்த்துத் துடைத்தாள்.

"சார், போனை வைங்க."

"ஒரு நிமிஷம் சிஸ்டர். நீங்க உங்க வேலையப் பாருங்க, நான் என் வேலையப் பாக்கறேன். இல்ல சார், உங்களைச் சொல்லல. இங்க ஒருத்தங்க எனக்குக் குத்த வந்திருக்காங்க. ஐயோ, கத்தி இல்ல சார், ஊசி!"

பட்டுக்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே குத்தினாள், தள்ளினாள், எடுத்தாள். பஞ்சை அழுத்தினாள். ஊசியைக் கழிவு டப்பாவில் போட்டாள். டப்பாவின் மூடி 'டப்' என்று விழுந்தது.

தரகர் போனை வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியம்.

"முடிஞ்சுதா? அட! போட்டதே தெரியல சிஸ்டர். இங்க முன்னாடி இருந்த அக்கா இருக்காங்களே, குத்திட்டு உள்ளேயே நின்னு யோசிப்பாங்க. பின்னாடி ஏதோ இழுப்பாங்க. அப்பதான் எனக்கு உயிரு போயிட்டு வரும். நீங்க அதெல்லாம் ஒண்ணும் பண்ணல. வந்தோமா, இறக்கினோமா, போனோமான்னு முடிச்சுட்டீங்க. சும்மாவா பட்டுக்கைன்னு சொல்றாங்க!"

கேட்காமலே இருந்திருக்கலாம் என்று அவள் வாழ்க்கையில் நினைத்த முதல் பாராட்டு அதுதான்.

"இழுத்தேனே" என்று சொல்ல வாயைத் திறந்தாள். குத்தியது ஞாபகம் இருந்தது. போனில் அவர் கத்தியது ஞாபகம் இருந்தது. தள்ளியபோது மருந்தின் கனம் விரலில் தெரிந்ததுகூட ஞாபகம் இருந்தது. நடுவில் ஒன்று இருந்திருக்க வேண்டுமே, அதைத் தேடினாள். மனதுக்குள் 'இழு' என்று சொல்லிக்கொண்டோமா? சிரித்துக்கொண்டல்லவா இருந்தோம்? கழிவு டப்பாவைப் பார்த்தாள். அதற்குள் கிடக்கும் ஊசி வாய் திறந்து சாட்சி சொல்லப்போவதில்லை.

அவர்களை வெளியே இருக்கையில் உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, வெறும் சிரிஞ்சு ஒன்றைக் கையில் எடுத்தாள். யோசிக்காமல், கை போன போக்கில், மேசை மேலிருந்த பஞ்சுருண்டையில் குத்தினாள். குத்து, தள்ளு, எடு. கட்டைவிரல் பின்னால் போகவே இல்லை.

அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் தெரிந்ததை உடனே ஒத்துக்கொள்ள மனுஷ மனம் என்ன அப்பாவியா? அதுவும் பாத்திரக் கடைக்காரர் மகளின் மனம். உள்ளுக்குள்ளேயே பேரம் ஆரம்பித்தது. இழுக்காவிட்டால் என்ன, எத்தனையோ பேருக்கு இழுக்காமல் போட்டு ஒன்றும் ஆகாமல்தானே இருந்திருக்கிறது? இடம் சரியாகத்தானே பார்த்தோம்? குழாயில் பட்டிருக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு இருக்குமா? எப்படியும் மூன்று மணி நேரம் இங்கேதான் இருக்கப் போகிறார். ஏதாவது ஆனால் கண்ணுக்குத் தெரியும். ஒன்றும் ஆகாவிட்டால் எதற்கு வீணாக வாயைக் கொடுக்க வேண்டும்? சொன்னால் அந்த மனிதருக்கு ஊசி மேலேயே பயம் வந்து, மறுபடி பூந்தொட்டிக்கு மாத்திரை போனால்? அவர் நல்லதுக்குத்தானே பேசாமல் இருக்கிறோம்?

இந்த மாதிரி நேரத்தில் அடுத்தவர் நல்லது எங்கிருந்துதான் அவ்வளவு வேகமாக வந்து நிற்கிறதோ!

வெளியே வந்தால் தரகர் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். விரலில் ஒரு வண்டிச் சாவி சுற்றிக்கொண்டிருந்தது.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"இதோ வந்துடறேன் சிஸ்டர். வெளிய ஒரு வேன் நிக்குது. வாங்கறவர் குடும்பத்தோட வந்திருக்காரு. பெரியவங்க சின்னவங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டு பைபாஸ்ல ஒரு சுத்து ஓட்டிக் காட்டணும். அவ்வளவுதான்."

"மூணு மணி நேரம் உட்காரணும் சார். தெரியும்ல?"

"சட்டம் அப்படித்தான் சொல்லும். நாம மனுஷங்க இல்லையா? அரை மணி நேரம் உட்கார்றேன்."

"முடியாது."

"சரி, முக்கால்."

"சார், இது வண்டி இல்ல."

"எல்லாம் வண்டிதான் சிஸ்டர். இந்த உடம்பும் பழைய வண்டிதான். மாசத்துக்கு ஒருக்கா ஆயில் மாத்தறீங்க. ஆயில் மாத்தின வண்டியை ஓட்டிப் பாக்க வேண்டாமா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, குட்டையான, கண்ணாடி போட்ட பெண், கைப்பையை மடியில் வைத்தபடி சொன்னாள், "உட்காருங்க. ஒவ்வொரு மாசமும் இதே கூத்து."

"நீ சும்மா இரு. ஒரு மணி நேரம், சிஸ்டர். கடைசி விலை."

பட்டுக்கையின் காதில் 'குடும்பத்தோட' என்ற சொல் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. பெரியவங்க சின்னவங்க. பைபாஸ். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கை மெல்ல நழுவுவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"பிரஷர் பார்க்கணும், வாங்க" என்றாள்.

பார்த்தாள். சரியாக இருந்தது. அது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அவரைப் பிடித்துவைக்க ஒரு சாக்கு கைவிட்டுப் போயிற்று என்றுதான் இருந்தது.

"எப்படி இருக்கு இஞ்சின்?"

"இன்னொரு தடவை பார்க்கணும். கொஞ்ச நேரம் கழிச்சு."

"நல்லா இருந்தா எதுக்கு இன்னொரு தடவை? வாங்கறவன்தான் ரெண்டு தடவை பார்ப்பான். விக்கறவன் பார்க்க மாட்டான். நீங்க எந்தப் பக்கம்?"

அவள் டாக்டர் அறைக்கு நடந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் நடந்தாள். உள்ளே ஒரு தாயும் மகனும் ஒருவர் மேல் ஒருவர் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் இருவருக்கும் நடுவில் பேனாவைப் பிடித்தபடி போக்குவரத்துக் காவலர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"என்ன சிஸ்டர்?"

"அந்தத் தரகர் சீக்கிரம் போகணும்னு..."

"விடாதீங்க. அவர் பேசியே உங்க மேசையை உங்களுக்கே வித்துடுவாரு."

"சரி டாக்டர்." நின்றாள். "அப்புறம்..."

"அப்புறம்?"

மகன் குரலை உயர்த்தினான். தாய் அதைவிட உயர்த்தினாள். டாக்டர் கண் அந்தப் பக்கம் போயிற்று.

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கதவு சாத்தியதும் தன் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

தரகர் நடைகூடத்தில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். மனைவி தண்ணீர் பாட்டிலை நிரப்பப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் நழுவும் எண்ணம் என்று பட்டுக்கைக்குப் புரிந்தது. வழியை மறித்து நின்றாள். இனி சட்டம் பேசிப் பயனில்லை. இவரோடு இவர் பாஷையில்தான் பேச வேண்டும்.

"சார், நீங்களும் வியாபாரி, நானும் வியாபாரி வீட்டுப் பொண்ணு. பேசி முடிப்போம். சாவியை என்கிட்ட குடுங்க. வாங்கறவரை உள்ளே கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுங்க. மத்தியானத்துக்கு மேல ஓட்டிக் காட்டலாம்."

இதற்கு அவர் என்னென்ன சொல்லுவார் என்று அவளுக்குத் தெரியும். டீயா, டீ குடிச்சிட்டுத் தெம்பா விலையைக் குறைப்பானே என்பார். சாவியா, சாவி குடுத்தா வண்டியே குடுத்த மாதிரி என்பார். ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தாள்.

"சரி" என்றார் தரகர்.

சாவியை நீட்டினார்.

வாங்கிக்கொண்டாள். அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சு பாதியிலேயே நின்றது.

அவள் அப்பா கடையில் எப்போதாவது ஒருவர் வருவார். சொன்ன விலைக்கு உடனே 'சரி' என்பார். அப்பா சந்தோஷப்பட மாட்டார். எடுத்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். உடம்பு சரியில்லையா, வீட்டில் ஏதாவது சாவா என்று விசாரிப்பார். அதிலும் இவர், அரை மணி நேரத்தில் தொடங்கி ஒரு மணி நேரத்தில் கடைசி விலை சொன்னவர், சாவியைக் கேட்டதும் கொடுக்கிறார் என்றால்?

"சார், இங்க பாருங்க. என்னைப் பாருங்க."

பார்த்தார். இமை பாதி இறங்கியிருந்தது.

"நான் என்ன கேட்டேன் இப்ப?"

"நீங்க... சொன்ன... வெலதான்" என்றார். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. சுவரிலிருந்து முதுகை எடுத்தார். கால் ஒரு பக்கம் போயிற்று, உடம்பு மறுபக்கம் போயிற்று.

பட்டுக்கை அவர் கக்கத்தில் தோளைக் கொடுத்தாள். "டாக்டர்!" என்று அவள் போட்ட சத்தத்தில் உள்ளே தாயும் மகனும்கூடச் சண்டையை நிறுத்தினார்கள்.

சக்கர நாற்காலி வந்தது. நாற்காலியிலிருந்து கட்டில். விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப், கையில் பிரஷர் பட்டை. தரகரை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்தார், ஏதோ சொன்னார், யாருக்கும் விளங்கவில்லை. மறுபடி மூடிக்கொண்டார். டாக்டர் அவர் கண்மணியில் விளக்கடித்துப் பார்த்தார், நாடியைப் பிடித்தார், மூச்சைக் கவனித்தார்.

"மூச்சு நல்லா இருக்கு. மருந்து ஒரேயடியா ரத்தத்துல ஏறியிருக்கு. கூடவே இருந்து பாக்கணும், அதைத் தவிர இதுக்குத் தனியா மருந்து கிடையாது. கால் மணிக்கு ஒருக்கா பிரஷர், மூச்சு, எல்லாம் பாருங்க."

தண்ணீர் பாட்டிலோடு மனைவி வாசலில் வந்து நின்றாள். பாட்டில் மூடி கழன்று உருண்டு போனதை அவள் கவனிக்கவில்லை.

"என்ன ஆச்சு இவருக்கு? இவ்வளவு நேரம் பேசிக்கிட்டிருந்தாரே?"

"பயப்படாதீங்கம்மா. பெரும்பாலும் தூங்கி எந்திரிச்சா சரியாயிடும். ஒரு நாள், ரெண்டு நாள் இங்க வச்சுப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் பட்டுக்கை பக்கம் திரும்பினார். சாதாரணமாகத்தான் கேட்டார். "இழுத்துப் பார்த்தீங்களா சிஸ்டர்? ரத்தம் வரலையே?"

அவர் கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. 'ஆமா டாக்டர், இழுத்தேன், வரல' என்று சொன்னால் போதும். அவரும் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். யாராலும் மறுக்க முடியாது. கட்டிலில் கிடப்பவருக்கு இப்போது செய்யும் கவனிப்பிலும் ஒரு மாற்றமும் இருக்காது. இழுத்திருந்தாலும் இதே கட்டில், இதே கிளிப்.

அவள் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் டாக்டர் தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார், "இழுத்துப் பார்த்தும் இப்படி ஆகறது உண்டு. அப்படி ஆச்சுன்னா இந்த மருந்து இவருக்கு ஒத்துவராதுன்னு நிறுத்திடறதுதான் நல்லது. மாத்திரைக்கே திரும்பப் போயிடலாம்."

மனைவியின் முகம் அப்போதுதான் மாறியது. கணவன் மயங்கிக் கிடப்பதைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய பயம் இப்போது வந்தது.

"மாத்திரையா? ஐயோ டாக்டர், வேண்டாம். இவரு மாத்திரை முழுங்க மாட்டாரு. நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். இந்த ஊசியிலதான் மனுஷனா இருக்காரு. இதை நிறுத்திடாதீங்க."

"எனக்கும் நிறுத்தறதுக்கு ஆசையா? இன்னொரு தடவை இதே மாதிரி ஆகி, நடுரோட்டுல ஆச்சுன்னா?"

பட்டுக்கை கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொல்லப்போகிற ஒரு சொல்லை வைத்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார். 'இழுத்தேன்' என்றால் அவள் பெயர் தப்பும், இந்த மனிதரின் மருந்து போகும். மறுபடி அந்தக் காது, அந்த ராத்திரிகள், அந்தப் பூந்தொட்டி. கொள்வது இவள், விலை கொடுப்பது அவர். இவள் கையில் இன்னும் அவருடைய வேன் சாவி இருந்தது.

"இழுக்கல" என்றாள்.

"என்ன?"

"இழுத்துப் பார்க்கல டாக்டர். குத்தினதும் தள்ளிட்டேன். தடுப்பூசி போடற மாதிரி." அதோடு நிறுத்தவில்லை. "போட்ட உடனேயே தெரிஞ்சுபோச்சு. உங்க ரூமுக்குச் சொல்லத்தான் வந்தேன். சொல்லாமத் திரும்பிட்டேன். மருந்து மேல தப்பு இருக்கான்னு எனக்குத் தெரியாது. நான் செய்ய வேண்டியதைச் செய்யல. அதை வச்சு அவர் ஊசியை நிறுத்திடாதீங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அழுக்கே இல்லாத கண்ணாடி. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாதபோது அவர் அப்படிச் செய்வார் என்று பிரிவில் பேசிக்கொள்வார்கள்.

"முதல் நாள் நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?"

"மறந்துடாதீங்கன்னு சொன்னீங்க."

"தெரிஞ்ச உடனே என்கிட்ட சொல்லியிருந்தா அப்பவே கட்டில்ல படுக்க வச்சிருப்போம். நடைகூடத்துல விழுந்திருந்தா? வண்டியை எடுத்துட்டுப் போயிருந்தா?"

பட்டுக்கை கையிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

"நீங்க இழுத்திருந்தாலும் ரத்தம் கண்ணுக்குத் தெரியாமப் போயிருக்கலாம். இதனாலதான் ஆச்சுன்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா இழுத்திருந்தா தெரிஞ்சிருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பை இவருக்கு நீங்க குடுக்கல." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நாளையிலிருந்து இந்த அறையில நீங்க ஊசி போட வேண்டாம். இன்னொரு சிஸ்டர் பக்கத்துல நின்னு பழக்கின பிறகு பார்ப்போம். மேலதிகாரிக்கு நடந்தது நடந்தபடி சொல்லணும். நானும் கூட வரேன்."

பிறகு தரகரின் மனைவியிடம் திரும்பி, குரலை மாற்றிக்கொண்டு சொன்னார், "அம்மா, ஊசியை இப்ப நிறுத்தல. எந்திரிச்சு நல்லா ஆகட்டும். அடுத்த மாசத்துக்கு யோசிச்சுத்தான் போடுவோம். ஆனா கண்டிப்பா மூணு மணி நேரம். அரை, முக்கால்னு இவர் பேசினா நான் ஒத்துக்க மாட்டேன்."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். பட்டுக்கையை அவள் பார்க்கவே இல்லை.

மத்தியானம் முழுவதும் பட்டுக்கை கட்டிலை விட்டு நகரவில்லை. வாங்க வந்தவர் குடும்பத்தோடு வெளியே காத்துக் காத்துக் கடுப்பாகி, ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். சாவியை மனைவியிடம் கொடுத்தபோது அவள் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். இடையில் தரகரின் பிரஷர் இறங்கியது. மூச்சு கனத்தது. டாக்டர் இரண்டு தடவை ஓடிவந்தார். பட்டுக்கை கிளிப்பின் எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது ஒரு புள்ளி இறங்கினாலும் அவள் முதுகெலும்பில் ஒரு கணு இறங்கியது. பக்கத்து நாற்காலியில் அந்தப் பெண் கணவனின் பாதத்தைப் பிடித்தபடி இருந்தாள். இருவருக்கும் நடுவில் அவர் கட்டில் மட்டும்தான்.

சாயங்காலம் வெயில் ஜன்னல் கம்பிக்கு இறங்கியபோது தரகர் கண்ணைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார். அவள் பெயரைச் சொன்னார். சரியாகச் சொன்னார், ஒட்டாமல், பிசிறாமல். தண்ணீர் கேட்டார். நான்கு மடக்குக் குடித்துவிட்டு, இந்த முறை சாதாரணத் தூக்கமாகத் தூங்கினார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இனி பயமில்ல. ராத்திரிக்கும் பார்த்துக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

பட்டுக்கையின் வேலை நேரம் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. எழுந்தாள். போகும்போது என்ன சொல்லிவிட்டுப் போவது என்று தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள் என்பது கடை வாசலில் நின்று கடன் கேட்பதைப் போல இருந்தது.

"சிஸ்டர்" என்றாள் அந்தப் பெண். அன்று முழுக்கப் பட்டுக்கையிடம் அவள் சொன்ன முதல் சொல். "ஒண்ணு கேட்கணும்."

"கேளுங்க அக்கா."

"அந்த இழுக்கறதுன்னு சொன்னீங்களே. அதைக் காட்டுங்க. அடுத்த மாசம் யாரு போட்டாலும் நான் பக்கத்துல நிப்பேன். எனக்குப் பார்க்கத் தெரியணும்ல."

பட்டுக்கை ஊசி அறைக்குப் போய் ஒரு காலிச் சிரிஞ்சையும் பஞ்சையும் எடுத்து வந்தாள். கட்டிலோரம் இருவரும் குனிந்தார்கள்.

"குத்தினதும் தள்ளக் கூடாது. கட்டைவிரலை எடுத்து, தண்டை இப்படிக் கொஞ்சம் பின்னால இழுக்கணும். இழுத்து அப்படியே பிடிச்சுக்கணும். இங்க, இந்த இடத்துல பாருங்க. செவப்பா ஏதாவது வந்தா உடனே வெளிய எடுக்கச் சொல்லுங்க. வரலைன்னாதான் தள்ளணும்."

அந்தப் பெண் சிரிஞ்சைக் கையில் வாங்கினாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, பஞ்சில் குத்தி, தண்டைப் பின்னால் இழுத்தாள். பிடித்துக்கொண்டாள். தேவைக்கு மேலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

கட்டிலில் தரகர் புரண்டு படுத்தார். அந்தப் பெண் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சிரிஞ்சைப் பஞ்சிலிருந்து எடுத்து, மறுபடி குத்தி, மறுபடி இழுத்துப் பார்த்தாள்.